கொஞ்சம் மிதிங்க, மாப்பிள்ளை

மாமனார் வீட்டில் அவனுக்கு 'மைலேஜ் மாப்பிள்ளை' என்று பெயர். பெயரை வைத்தவர் மாமனாரேதான். அவர் பல் டாக்டர். கிளினிக்கை மூடி வருஷக்கணக்காகியும் பழைய வழக்கம் விடவில்லை. எதிராளியின் வாயில் சாப்பாடு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார். "என்ன மாப்பிள்ளை, வண்டி இப்ப பெட்ரோல் குடிக்குதா, இல்ல மோந்து மட்டும் பார்க்குதா?" என்பார். அவன் அவசரமாக விழுங்கிவிட்டு லிட்டருக்கு எவ்வளவு என்று சொல்வான். தசமப் புள்ளியோடு சொல்வான்.

கட்டட நிறுவனம் ஒன்றில் எஸ்டிமேட் போடுவது அவன் வேலை. காலி மனையைப் பார்த்தே எவ்வளவு செங்கல், எவ்வளவு கம்பி என்று சொல்லிவிடுவான். சொன்னது பெரிதாகப் பிசகாது. அந்தக் கர்வத்தோடுதான் ஹைபிரிட் கார் வாங்கினான். பெட்ரோல் இன்ஜினும் பாட்டரி மோட்டாரும் முறை வைத்துக்கொண்டு இழுக்கிற வண்டி. அதே வண்டி வெறும் பெட்ரோலில் எவ்வளவோ குறைந்த விலைக்குக் கிடைத்தது. மனைவிக்கு அதுவே போதும் என்றுதான் இருந்தது. அவன் விடவில்லை. கூடக் கொடுக்கிற பணம் எரிபொருள் மிச்சத்தில் திரும்பி வந்துவிடும், அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் லாபம் என்று அவளுக்கு விளக்கினான். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். "உங்க கணக்கு எனக்கு எதுக்கு, எனக்கு ஓடினா சரி" என்று விட்டுவிட்டாள்.

ஆனால் அந்த வண்டி சும்மா ஓடவில்லை, அவனையும் சேர்த்து ஓட்டியது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு திரை. மெதுவாக மிதித்தால் கோடு பச்சைக்குள் நிற்கும், இன்ஜின் வாய் திறக்காது. அழுத்தி மிதித்தால் கோடு பச்சையைத் தாண்டும், இன்ஜின் உறுமும். அந்த உறுமலைக் கேட்டாலே யாரோ பையில் கைவிட்ட மாதிரி அவனுக்கு இருக்கும். சிக்னல் தூரத்தில் சிவப்பாவது தெரிந்தாலே காலை எடுத்துவிட்டு வண்டியை உருளவிடுவான். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து, முறைத்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். ஏ.சி. போட்டால் மைலேஜ் விழும் என்று வெயில் காலத்திலும் ஜன்னலைத்தான் இறக்குவான். மனைவி ஈரத் துண்டு ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து வருவாள். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய் இறங்கும்போது அவள் தலை காக்காய்க் கூடு மாதிரி இருக்கும். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது; வீட்டில் எதற்கும் கணக்குப் பார்க்கமாட்டான். வண்டிக்குள் ஏறினால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். உள்ளே நுழையும்போதே மாமனார் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு, சின்ன டார்ச் அடித்துத் தன் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து கீழ்த்தாடை வலிக்கிறதாம். எந்தப் பல் என்று பிடிபடவில்லையாம். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கியவருக்குச் சொந்தப் பல் தெரியவில்லையே என்று மனைவி கேலி பேசினாள். அவரும் சிரித்தார். சிரித்தபடியே வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. அது பல் வலி இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஒன்றாகப் புரிந்தது.

ஆம்புலன்ஸுக்குப் பேசியபோது பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை, காத்திருக்க வேண்டும் என்றார்கள். மைத்துனன் வேலையாக வெளியூர் போயிருந்தான். வாசலில் நின்றது ஹைபிரிட் ஒன்றுதான். மாமனாரைத் தாங்கிப் பின்சீட்டில் ஏற்றினார்கள். மாமியார் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மனைவி முன்னால் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசத் தொடங்கினாள். அவன் வண்டியை எடுத்தான். விடுமுறை நாள், சாலை துடைத்து விட்டாற்போல் கிடந்தது.

அவன் மெதுவாகப் போகவேண்டும் என்று நினைக்கவில்லை. அதைப் பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தான். மனசு பறந்துகொண்டுதான் இருந்தது. கால்தான் பழகிய வழியில் போயிற்று. வளைவில் வழக்கம்போல் வருடினாற்போல மிதித்தது, சிக்னலைப் பார்த்ததும் தானே எழுந்துகொண்டது. இவ்வளவு வரைக்கும் பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் வழியில் ஒரு மேம்பாலம் இருந்தது. ஏற்றத்தில் வண்டி இழுக்கத் திணறியது. அழுத்தியிருந்தால் இன்ஜின் விழித்திருக்கும். கோடு பச்சையின் விளிம்புக்குப் போனதை அவன் கண்ணால் பார்த்தான். பார்த்துவிட்டுக் காலைத் தளர்த்தினான். அது பழக்கம் இல்லை. அது அவன்.

பின்னாலிருந்து மாமனார் குரல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல்.

"மாப்பிள்ளை... பெட்ரோலுக்கு நான் காசு குடுத்துடறேன். கொஞ்சம் மிதிங்க."

மனைவி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் பார்வை எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர் கண் எங்கே போகிறது என்று பார்த்துப் பழகியவள். அவன் சட்டென்று திரையிலிருந்து கண்ணை எடுத்தான். எடுத்த வேகமே காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்கப்புறம் அவன் மிதித்த மிதிக்கு வண்டி அலறிக்கொண்டு ஓடியது. ஆனால் அங்கிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான்.

வாசலில் ஆட்கள் தயாராக நின்றார்கள். மாமனாரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். மாமியார் பின்னாலேயே ஓடினாள். மனைவி கைப்பையை எடுக்கத் திரும்பிக் குனிந்த நேரத்தில் அவன் வண்டியை அணைத்தான். அணைத்ததும் திரையில் வழக்கம்போல் அந்தப் பயணத்தின் மதிப்பெண் வந்தது. பச்சை இலைகள் ஒவ்வொன்றாக முளைத்து வரிசையை நிரப்பின. கீழே எழுத்து ஓடியது: 'வாழ்த்துகள்! இதுவரை உங்கள் மிகச் சிறந்த பயணம்.'

கையால் மறைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கை எழவில்லை. மனைவி அதைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போனாள்.

மாமனார் பிழைத்துக்கொண்டார். ரத்தக்குழாயின் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்தின் ஒரு பகுதி கொஞ்சம் சோர்ந்துவிட்டது, இனி படி ஏறுவதைக் குறைக்கவேண்டும், எடை தூக்கக்கூடாது என்றார்கள். டாக்டர் தாழ்வாரத்தில் தனியாக வந்தபோது அவன் வழி மறித்தான். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் அந்தச் சோர்வு இல்லாமல் இருந்திருக்குமா என்று கேட்டான். எப்போதுமே முன்னால் வருவது நல்லதுதான், ஆனால் இவர் விஷயத்தில் இவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். விடியற்காலையிலிருந்தே வலி இருந்திருக்கிறதே என்றும் சொன்னார். பிறகு, "ஏன் கேட்கறீங்க, வழியில ஏதாவது தாமதமாச்சா?" என்றார்.

"டிராஃபிக்" என்றான் அவன்.

சொன்ன வார்த்தை நாக்கில் வேப்பெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டது. டாக்டர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். திரும்பினால், பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு மாமியார் நின்றிருந்தாள். கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. "வெந்நீர் ஆறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவனைக் கடந்து போனாள்.

சாதாரண அறைக்கு மாற்றிய அன்றே மாமனார் பழையபடி ஆகிவிட்டார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார். முதலில் தாடை வலி, டார்ச், கண்ணாடி. "சொத்தைப் பல்லைத் தேடினேன், கடைசில சொத்தை நெஞ்சுல இருந்துச்சு." அப்புறம் காரில் ஏற்றியது. அப்புறம் மேம்பாலம். குரலைக் கொஞ்சம் இறக்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, 'பெட்ரோலுக்கு நான் காசு குடுத்துடறேன்' என்பார். அறையே அதிரும். பக்கத்துக் கட்டில்காரர் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். எல்லோரும் சிரித்துவிட்டு, யார் அந்த மைலேஜ் மாப்பிள்ளை என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவனும் சிரிப்பான். சிரிக்காமல் நின்றால் கதை உண்மையாகிவிடும். மாமியார் மட்டும் சிரிக்கமாட்டாள். ஆரஞ்சுச் சுளையிலிருந்து நார் உரித்துக்கொண்டிருப்பாள்.

வீட்டில் மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சாப்பிட வாங்க, கரண்ட் பில் வந்திருக்கு, கதவைச் சாத்துங்க என்ற அளவோடு பேச்சு நின்றது. அவன் மாறிவிட்டதைக் காட்டுவதற்காக வண்டியை வேகமாக ஓட்டிப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏ.சி.யைப் போட்டான். அவள் அது தன்மீது படாதபடி காற்று வரும் மடலைத் திருப்பிவிட்டாள்.

சில வாரம் கழித்து இருவரும் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் திரையில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. வண்டி கிழட்டு ஆமை மாதிரி நகர்ந்து, நின்றுபோயிற்று. இழுவை வண்டி வந்து சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோனது. அங்கே வரவேற்பு மேசையில் இருந்த பெண் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, பெரிய பாட்டரி போய்விட்டது, மாற்றினால்தான் வண்டி ஓடும் என்றாள். விலையையும் சொன்னாள். அவன் எஸ்டிமேட் போடுகிறவன். மனசுக்குள் கூட்டிப் பார்க்க நேரமே ஆகவில்லை. இத்தனை வருஷம் சொட்டுச் சொட்டாகப் பிடித்து வைத்ததெல்லாம் ஒரே மடக்கில் போயிற்று. வாங்கும்போது கூடக் கொடுத்த விலையைக் கூட்டினால் கைநஷ்டம்தான்.

மனைவி அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டாள். இதே வண்டியை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இவ்வளவு சீக்கிரமா போகிறது?

எல்லோருக்கும் போவதில்லை, இதைவிட நிறைய ஓடிய வண்டிகளே நன்றாக ஓடுகின்றன என்றாள் அந்தப் பெண். பாட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும், உள்ளே புழுங்கினால் அதுவும் புழுங்கும் என்று விளக்கினாள். பிறகு வாடிக்கையாகக் கேட்பது போலக் கேட்டாள்:

"வெயில்ல ஏ.சி. போடாம ஓட்டுவீங்களா?"

மனைவி சிரித்தாள். ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அவன் பார்த்தது அப்போதுதான். சிரிப்பு நிற்கவில்லை; கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்தப் பெண் என்ன தவறாகக் கேட்டுவிட்டோம் என்று விழித்தாள். அவன் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"கடுகு போற இடத்துல தடியோட நின்னு காவல் காத்தோம்மா. பூசணிக்காய் போனது தெரியல" என்றாள் மனைவி அவளிடம்.

வீட்டுக்கு வாடகைக் காரில் திரும்பினார்கள். பாதி வழியில் அவள்தான், டிரைவருக்குக் கேட்காத குரலில் ஆரம்பித்தாள்.

"பாலத்து மேல காலை எடுத்தீங்க."

"எடுத்தேன்."

"தெரிஞ்சே எடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்ல அவனுக்கு எல்லா வசதியும் இருந்தது. "தெரிஞ்சேதான்" என்றான்.

அவள் தன் கை விரல்களைப் பார்த்தாள். "அப்பா போயிருந்தா உங்க கூட இருந்திருப்பேனான்னு தினமும் யோசிக்கிறேன். அவர்தான் பிழைச்சுட்டாரே, இனி எதுக்கு யோசனைன்னு விட முடியல" என்றாள். அவள் அதை வாய்விட்டுச் சொன்னதே அவனுக்குப் பெரிய தயவாகப் பட்டது. அதை நினைத்தும் வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு. மைத்துனன் வந்திருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். காலையிலிருந்து இருட்டும் வரை ஊருக்குள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு ஓடிக்கொண்டிருப்பான். அவனுடைய பழைய கார் பெட்ரோலைத் தண்ணீர் பட்ட பாடாகக் குடித்தது. புதிதாக ஹைபிரிட் வாங்கப் போவதாகச் சொல்லி, "அத்தான், உங்களை விட்டா யாரைக் கேட்கறது? கட்டுப்படி ஆகுமா ஆகாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றான்.

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் போல் பேசியவன் அவன். முன்பெல்லாம் இப்படி ஒருவர் கேட்டால் சாப்பாடு ஆறிப்போகும் வரை விடமாட்டான். மாமனார் அந்தக் கச்சேரியைக் கேட்கத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எங்களுக்கு ஆகல" என்றான்.

பாட்டரி போனதைச் சொன்னான். கூடக் கொடுத்த விலை திரும்பி வந்துகொண்டிருந்த சமயத்தில் அது போனதையும், அது போனதற்குத் தானே காரணம் என்பதையும் சொன்னான். நாள் முழுக்க ஊருக்குள் நின்று நின்று ஓட்டுகிறவனுக்கு ஹைபிரிட் நல்ல வண்டிதான், பிரேக் போடும்போதெல்லாம் பாட்டரி நிரம்பும், உனக்கு ஆகும், வாங்கு என்றான். வாரத்துக்கு ஒருமுறை மாமனார் வீட்டுக்கு வருகிறவனுக்கு வெறும் பெட்ரோல் வண்டியே போதும் என்றான். வண்டிமேல் குற்றம் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். மைத்துனனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் ஆரம்பித்த வாய் நிற்கவில்லை.

"மாமா, அன்னிக்குப் பாலத்து மேல நான் திரையைத்தான் பார்த்துட்டு இருந்தேன். இன்ஜின் வந்துடக் கூடாதுன்னு காலை எடுத்தேன். டாக்டர் கேட்டப்போ டிராஃபிக்னு பொய் சொன்னேன்."

மைத்துனன் ஒன்றும் புரியாமல் அக்காவைப் பார்த்தான். அவனுக்கு வேடிக்கைக் கதைதான் தெரியும். மாமியார் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் ஓசை வராமல் வைத்தாள். மாமனார் இந்தத் தடவை வேடிக்கை பேசவில்லை. தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, நோயாளியிடம் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்வது போன்ற நிதானமான குரலில் பேசினார்.

"எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? நெஞ்சுதான் வலிச்சுது, காது நல்லாத்தானே இருந்துச்சு. வண்டி மூச்சு விடாமப் போனது கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் மாமா எல்லார்கிட்டயும் ஜோக்கா..."

"ஜோக்கா சொல்லலன்னா கோவமாச் சொல்லணும். கோவமாச் சொன்னா இவ உங்க கூட எப்படி வாழ்வா?" மகளைக் கையால் காட்டினார். "முதல் நாள் உங்களைக் கண்டா எனக்கு அவ்வளவு கோவம் இருந்துச்சு. ஊரைச் சிரிக்க வெச்சு வெச்சுத்தான் அதைக் கரைச்சேன். முழுசாக் கரையல. கரையும்னு நினைக்கிறேன்."

அவன் தலை குனிந்தது. இத்தனை நாளும் அந்தச் சிரிப்பில் அவன் கூனிக் குறுகியது தன்னைக் கேலி செய்கிறார்களே என்று. அந்தச் சிரிப்பைக் குடையாகப் பிடித்துத் தன்னை நனையாமல் வைத்திருந்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அது உப்புப் பெறாத வார்த்தையாகத் தோன்றியது. ஆனாலும் கேட்டான். மாமனார் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "சாப்பிடுங்க" என்றார். மனைவி எழுந்து போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். அவனுக்கும் ஊற்றினாள்.

மைத்துனன் ஹைபிரிட்டே வாங்கினான். அவனுக்கு அது கட்டுப்படியாகிறது. இவர்கள் பாட்டரியை மாற்றி வண்டியை வைத்துக்கொண்டார்கள். ஓடாத வண்டியை விற்றால் அதைவிட நஷ்டம். இப்போது பெரும்பாலும் மனைவிதான் ஓட்டுகிறாள்.

மாமனாரைத் தினமும் காலையில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், தனியாக விடவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அவன் வேலைக்கு முன்னால் வந்து கூடப் போவதாகச் சொன்னான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. முதல் சில நாட்கள் இருவரும் பூங்காவைச் சுற்றி வாய் திறக்காமல் நடந்தார்கள். அவர் மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம் அவனும் நிற்பான். அந்த மூச்சு தன் காதுக்குள் இரைவது போல் அவனுக்குக் கேட்கும். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் புல்வெளியைப் பார்ப்பான். தண்ணீர் தெளிக்கும் குழாய் சுற்றிக்கொண்டிருக்கும். யாராவது நாயை நடத்திக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் இடத்தில் படி கொஞ்சம் உயரமாக இருந்தது. மாமனார் தயங்கினார். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, அவன் தோளில் கை வைத்து இறங்கினார். இறங்கிய பிறகு கையை எடுத்துக்கொண்டார். சாலையைக் கடந்து வீடு வரும்வரை, பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கட்டிய மாடிக்கு எவ்வளவு செங்கல் ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவன் நின்று பார்த்துச் சொன்னான்.